குரல் இருக்கும்போதே

மஞ்சள் துணியை மடியில் விரித்து நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்துவிட்டு, "சாமி, சித்த நேரம் கழுத்த அசைக்காம இருக்கோணும்" என்றான் தண்டபாணி. சென்னியப்பன் தலையாட்டப் போனான். அசைக்காதே என்றுதானே சொன்னான் என்று உறைத்து, கண்ணை மட்டும் மூடித் திறந்தான். சாமியாம் சாமி. போன ஆடி வரைக்கும் "ஏனுங்ணா, மீசைய ஒதுக்கிவிடட்டுங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்த வாய்தான் இது; தாடி கழுத்தை மூடியதும் அண்ணன் சாமியாகிவிட்டான். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் மொத்தமும் அப்படித்தான் கூப்பிடுகிறது, மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து கேரளத்து வியாபாரிகள் வரைக்கும். துணி பரிமளா கொடுத்தது. சலூன் படி ஏறாமல் வாசலிலேயே நின்று, "ஒரு முடி கீழ உழுகாம இதுல புடிச்சு முடிஞ்சு குடுங்க தம்பி, போற வழியில பழனியில சேத்தோணும்" என்று நீட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். இப்போது எதிர்ப்பக்கம் வாடகைக் காரில் இருக்கிறாள், மடியில் பிளாஸ்க், காலடியில் ஆஸ்பத்திரிப் பை. நடுவே ரோட்டை அடைத்துக்கொண்டு பச்சை வேட்டியும் மஞ்சள் சேலையுமாக ஜனம் தைப்பூசத்துக்கு நடந்துபோகிறது. கண்ணாடியில் அந்த ஜனம் விலகும்போது அவள் முகம் தெரிகிறது, சேரும்போது மறைகிறது. சொல்லிவிட வேண்டும். கோயமுத்தூர் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் படுக்கையில் போட்டுவிடுவார்கள், நாளைக் காலையில் கழுத்தை அறுத்து, அறுத்து இல்லை, திறந்து என்றுதான் டாக்டரம்மா சொன்னார், திறந்து கட்டியை எடுப்பார்கள். எடுத்த பிறகு குரல் இருக்குமா போய்விடுமா என்று அவரே சத்தியம் பண்ணவில்லை. அதனால் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பரிமளா, இந்தத் தாடிக்கும் பழனிக்கும் சம்பந்தமே இல்லை. நான் எந்தச் சாமியிடமும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான், ரெண்டே பேச்சு. விடியக்காலை தொடங்கி வெயில் ஏறுகிறவரைக்கும் தக்காளிப் பெட்டியை ஏலம் கூறுகிற வாய்க்கு இந்த ரெண்டு பேச்சு வர மாட்டேன் என்கிறது.

கத்திரி வலது கன்னத்தில் தொடங்கியது. நரையும் கறுப்புமாக முடி துணியில் விழுந்தது. வலது பக்கம் பரவாயில்லை, வலது பக்கம் நல்ல கழுத்து. இடது பக்கம்தான். ஆடியில் ஒருநாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது கையில் தட்டியது, நெல்லிக்காய் அளவுக்கு. அமுக்கினால் உள்ளே போனது, விட்டால் வந்தது, வலி என்பதே இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பான், வலிக்காமல் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் வினை. பரிமளா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பொன்னுக்கு வீங்கிங்க இது. சின்னப் பையனாட்ட இந்த வயசுல வந்திருக்குது பாருங்க" என்று சொல்லித் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டாள், பொன் பட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்று. பொம்பளைச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏலம் கூறினான். வியர்வையில் அது கசகசவென்று ஒட்டியது, மேல் பொத்தானைத் திறக்க முடியவில்லை, ஒருநாள் குனிந்தபோது வெளியே வந்து விழுந்து மூட்டைக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள், "என்ன மாப்ள, மறு கல்யாணமா" என்று. வடிந்ததா என்றால் வடிந்த மாதிரிதான் இருந்தது. சங்கிலியைத் திருப்பிக் கொடுத்த வாரமே எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து நின்றது. அவனுக்கு முன்னால் அந்தக் காய்கறி மண்டியில் ஏலம் கூறியவர் நாச்சியப்பன், தொண்டையில் புற்று வந்தவர். வியாதி தெரிந்த அன்றிலிருந்து டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர், மண்டியில் அவர் இடத்தில் இவன். போய்ப் பார்த்தபோது மனுசன் பேச முடியாமல் சிலேட்டில் எழுதிக் காட்டினார், சௌக்கியமா என்று. அந்தச் சிலேட்டு ஞாபகம் வந்தது. யாருக்கும் தெரியக்கூடாது, வடிந்துவிட்டது என்று நம்பியிருந்த பரிமளாவுக்கும்கூட, டாக்டர் ஒரு முடிவு சொல்கிறவரைக்கும் தெரியக்கூடாது என்று சவரம் பண்ணுவதை நிறுத்தினான். மண்டி முதலாளி ஒருநாள் மோவாயைப் பார்த்து, "என்னப்பா, தாடியெல்லாம்?" என்றார். ஒன்றுமில்லைங்க என்று சொல்லியிருக்கலாம். சோம்பேறித்தனம் என்று சொல்லியிருக்கலாம். சலூன்காரனோடு சண்டை என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கில் எது வந்து உட்கார்ந்ததோ, "பழனிக்குங்க" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்துதான் சொன்னான், ஆனால் இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. முதலாளி சட்டென்று குரலை இறக்கி "நல்லதுங்க" என்றார், வாடா போடா போய் 'ங்க' வந்துவிட்டது. டீக்கடைக்காரன் அவன் டம்ளரைக் கழுவி முதலில் நீட்டினான். சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன்னே சேதி வீட்டுக்குப் போயிருந்தது. பரிமளா வாசலில் தண்ணீர் தெளித்து நின்றாள். கோபித்துக்கொள்வாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்ன வேண்டுதல் என்று கேட்பாள், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றினான். அவள் கேட்கவே இல்லை. "எதுக்குன்னு நான் கேக்கமாட்டேனுங்க. வெளிய சொன்னா பலிக்காது" என்றாள். முகம் என்னவோ மாதிரி இருந்தது, வெட்கப்பட்ட மாதிரி. கல்யாணமாகி இந்தப் பதினேழு வருசத்தில் அந்த முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தான் என்று நினைவில்லை. அன்றைக்கே மீன் சட்டியைத் தேய்த்துப் பரணில் ஏற்றினாள், கறி எடுப்பதை நிறுத்தினாள், விரதம் என்றால் விரதம்தான் என்று பாயையும் தனியாகப் போட்டாள். அவனுக்கு அப்போது சங்கடமாக இருந்ததே தவிர வேறெதுவும் புரியவில்லை. புரிய வேண்டியது கண்ணெதிரிலேயே கிடந்தது. மண்டியிலிருந்து பப்பாளி கொண்டுபோனால் வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அவளுக்குப் பப்பாளி என்றால் உயிர், பழத்தை நறுக்கக்கூடப் பொறுக்காமல் கரண்டியால் சுரண்டித் தின்கிறவள். "ஏன், நீ திங்கலியா?" என்று கேட்டதற்கு "சூடுங்க" என்றாள். ஒரு தடவை சூடு, இன்னொரு தடவை பல் கூசுகிறது. மடையன், மடையன், பப்பாளியை ஒரு பொம்பளை எப்போது ஒதுக்குவாள் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும், இவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லையா, அதையும் இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. குழந்தைப் பேச்சை அவர்கள் விட்டு ஒன்பது வருசம் இருக்கும். மதுரையில் பார்த்து, திண்டுக்கல்லில் பார்த்து, ரெண்டு பேரிடமும் குறை இல்லை என்று ரெண்டு இடத்திலும் சொல்லி, அப்புறம் ஒருநாள் யாரும் முடிவெடுக்காமலே அந்தப் பேச்சு நின்றுபோனது.

"சாமி, இடது பக்கம் வாரேனுங்க." கத்திரியின் சத்தம் மெதுவானது. தண்டபாணியின் சுண்டு விரல் கட்டியின் மேல் பட்டு விலகியது. அவன் நிறுத்தினான், கண்ணாடியில் பார்த்தான், மறுபடி நறுக்கினான், இப்போது ஒவ்வொரு முடியாக. தெரிந்துவிட்டது இவனுக்கு. தெரியட்டும், நாளைக்கு ஊருக்கே தெரியும். எத்தனை விரல் தொட்டுப் பார்த்துவிட்டது இதை. முதல் டாக்டர் தொட்டு, "பல்லுல சீழ் இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தார். ரெண்டாவது டாக்டர் தொட்டு, கண்டமாலையாக இருக்கலாம், டிபி கழுத்தில் வந்தால் இப்படித்தான் நெறி கட்டும் என்று சளி எடுத்து, படம் எடுத்து, கையில் ஊசி குத்தி, அதுவும் இல்லை என்றார். சளி இல்லை, சீழ் இல்லை என்று ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று வரவர மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று அவனுக்குப் பட்டது, அந்தச் சொல்லை மனசில்கூட முழுசாகச் சொல்லாமல் 'அது' என்றே வைத்திருந்தான். அப்புறம்தான் கோயமுத்தூர், அதற்கு முன்னால் பரிமளாவிடம் கட்டியைச் சொல்லியாக வேண்டியிருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். கழுத்தில் ஊசியை விட்டு இழுத்தபோது ரத்தமும் வரவில்லை சீழும் வரவில்லை, வெந்தயம் ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி வெளிறிய மஞ்சளாக ஒன்று வந்தது. கட்டி அப்படியே அமுங்கிப்போனது! கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே ஊர் வந்தான், மறுநாள் தக்காளி நல்ல விலைக்குப் போனது. பத்து நாள் ஆகவில்லை, ஊற்று ஊறுகிற மாதிரி உள்ளே ஊறிப் பழையபடி நிரம்பிவிட்டது. மறுபடி போனார்கள். டாக்டரம்மா விளக்கை அணைக்கச் சொன்னார், கையடக்க டார்ச்சைக் கட்டியின் பின்பக்கம் வைத்து அழுத்தினார். அவனுக்கு எதிர்ச்சுவர்தான் தெரிந்தது. பரிமளா "ஐயோ" என்று மூச்சை இழுத்தது மட்டும் கேட்டது. என்ன, என்ன என்று கேட்டான். "உள்ளார வெளிச்சம் தெரியுதுங்க. செவப்பா, லாந்தராட்ட" என்றாள். தன் கழுத்துக்குள் லாந்தர் எரிகிறது, தன்னால் மட்டும் பார்க்க முடியவில்லை.

ஸ்கேன் படத்தை வைத்து டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். ரத்தம் ஓடுகிற மாதிரியே உடம்பில் இன்னொரு நீர் ஓடுகிறது, நிணநீர் என்று பேர், அதற்கும் குழாய் இருக்கிறது, அந்தக் குழாய் அங்கங்கே போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராமல் நின்றுபோனால் நீர் தேங்கிப் பை பையாக வீங்கிவிடும், மாதுளம்பழத்தைப் பிளந்தால் அறை அறையாக இருக்குமே அந்த மாதிரி. "இது புற்று இல்லீங்க. ஊசியில எடுத்த நீர்லயும் அப்படி எதுவும் இல்ல. முழுசா எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் நூத்துக்கு நூறு சொல்ல முடியும், ஆனா நான் பயப்படல" என்றார். அவனுக்குக் காலில் ரத்தம் திரும்பி வந்தது. அழுதுவிடுவோமோ என்று இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த அம்மா. படத்தையே பார்த்துக்கொண்டு, ஆச்சரியம் தாங்காத மாதிரி, "ஆனா பெரியவங்களுக்கு இது வர்றது ரொம்ப அபூர்வம். இது குழந்தைங்களுக்கு வர்ற கட்டி. பிறக்கும்போதே இருக்கும், ரெண்டு வயசுக்குள்ள தெரிஞ்சுடும். நாங்க பாக்கறதெல்லாம் கைக்குழந்தைங்கதான்" என்றார். பரிமளா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது உடுமலை தாண்டும்வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று அவன் பக்கம் திரும்பி, கண்ணெல்லாம் நீரும் வாயெல்லாம் சிரிப்புமாக, காதோரம் வந்து சொன்னாள்: "ஏனுங்க, நீங்க கொழந்த வேணும்னு வேண்டுனீங்க. அவரு பாருங்க, கொழந்தைக்கு வார கட்டியக் குடுத்து உட்டுட்டாரு." அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது, வாசலில் பார்த்த முகம், பாய், பப்பாளி, எல்லாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் ஆள் நெருக்கம், கண்டக்டர் விசில், அதெல்லாம் சாக்கு. அவள் சிரித்தாள் என்று அவனும் சிரித்தான். அதைத்தான் நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. பொய் சொன்னதுகூட வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சிரித்தது வாய் தவறியா? வெளியே சொன்னால் பலிக்காது என்று அத்தனை மாசம் வாயைக் கட்டியிருந்தவள், மனசு தாங்காமல் ஒரு தடவை வெளியே விட்டாள், அதற்கு இவன் ஆமாம் என்பதுபோல் சிரித்தான். அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பழனி வரைக்கும் விடவில்லை.

தண்ணீரை அடித்தான் தண்டபாணி. தை மாசத்துத் தண்ணீர், கழுத்து சிலிர்த்தது. நுரையைப் பூசினான், புதுப் பிளேடை உடைத்துக் கத்தியில் செருகினான், சத்தம் பல்லில் பட்டது. நாளைக்கு இதே கழுத்தில் வேறு கத்தி. வெட்டாமல் முடிக்கத்தான் முதலில் பார்த்தார்கள், கட்டிக்குள்ளேயே மருந்தை ஏற்றிச் சுருங்க வைக்கலாம் என்று. ரெண்டு தடவை ஏற்றினார்கள். காய்ச்சல் வந்து, கழுத்து கல்லாக வீங்கி, பாதி சுருங்கியது. மிச்சப் பாதி மார்கழியில் சளி பிடித்த சாக்கில் பழையதைவிடப் பெரிதாக, உள்பக்கமாகவும் வளர்ந்து மூச்சுக்குழாயை இடிக்கத் தொடங்கியது. படுத்தால் விசில் மாதிரி மூச்சு. "இனிமே வச்சிருக்கக் கூடாது" என்று சொல்லி டாக்டரம்மா ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார், இது தோளைத் தூக்குகிற நரம்பு, இது நாக்குக்குப் போவது, இது குரலுக்கு. கட்டி இந்த மூன்றையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு துளி விட்டாலும் மறுபடி வளரும், ஒரு துளி விடாமல் எடுக்கலாம் என்றால் நரம்பை ஒட்டிப் போக வேண்டும். "ரொம்பக் கவனமாத்தான் செய்வேன். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். ஏலம் கூறுகிறேன் என்றான். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. குரல் என்றால் அவனுக்கு வயிற்றுப்பாடு மட்டுமா? நேற்று விடியற்காலை கடைசியாகக் கூறினான், ஒரு லோடு நாட்டுத் தக்காளி. ஒருதரம் என்று எடுத்தால் மண்டிக் கூரையில் போய் மோதித் திரும்பும், ரெண்டுதரம் என்னும்போது அந்தக் கோடியில் நிற்கிற பாலக்காட்டு வியாபாரி கையைத் தூக்கிவிடுவான், மூணுதரத்துக்கு வேலையே இருக்காது. அப்படி ஒரு குரல். அந்தக் குரலில் அவன் இத்தனை வருசத்தில் பொய் விலை கூறியதில்லை, அழுகலை நல்ல காய் என்று தள்ளியதில்லை, அது ஊருக்குத் தெரியும். வீட்டில் சொன்னது ஒரே பொய், அதையும் அவன் முழுசாகச் சொல்லவில்லை, பாதியை அவளே சேர்த்துக்கொண்டாள். அப்படி நினைத்தால் கொஞ்சம் லேசாகிறது. லேசாகக் கூடாது. நாளைக்கு மூக்கில் மருந்தை வைத்து மயங்கவைத்து, எழுந்து பார்த்தால் காற்று மட்டும் வருகிறது என்று வை. அப்போது சிலேட்டிலா எழுதிக் காட்டுவது, குழந்தைக்கு நான் வேண்டவில்லை என்று? அதைப் படிக்கிற முகத்தை எதிரில் உட்கார்ந்து பார்ப்பதா? சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் ஓரமாக வந்து நிற்கிறது. வயசு நாற்பத்தொன்று அவளுக்கு. இன்னும் ரெண்டு மூன்று வருசம் எதிர்பார்ப்பாள், அப்புறம் தானாகவே நின்றுபோகும், முன்னால் ஒரு தடவை நின்றுபோன மாதிரி. சாமி கொடுக்கவில்லை என்று சாமி மேல் பழி போகும், இவன் மேல் வராது. தூ, என்ன புத்தி இது. மூன்று வருசம் ஒரு பொம்பளை பப்பாளியை ஒதுக்கிக்கொண்டே இருப்பாள், அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பானா?

கத்தி கழுத்தின் பள்ளத்தில் இறங்கி மேடேறியது. தண்டபாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். காலையில் இதற்குத்தான் அவ்வளவு வாக்குவாதம். கழுத்தில் ஒரு முடி இருக்கக்கூடாது, சவரம் பண்ணிவிட்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "வேண்டுதல் முடியாம தாடி எடுத்தா குத்தமுங்க. பழனியில எறங்கி மொட்டை போட்டுட்டுப் போலாம்" என்று பரிமளா நின்றாள். மொட்டை என்றதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பொய்க்கு இத்தனை நாள் தாடி வளர்த்ததே போதும், அதே பொய்க்குச் சன்னதியில் போய்த் தலையைக் கொடுக்க மனசு வரவில்லை. சாமி இருக்கிறாரா இல்லையா என்பது வேறு விஷயம், இருந்துவிட்டால்? "மொட்டை அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். அவள் அழப்போகிற மாதிரி நின்று, அப்புறம் தானே ஒரு வழி கண்டுபிடித்து, பெட்டியைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்தாள். வேண்டுதல் கலையாது, முடி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எத்தனை சாமர்த்தியம். இத்தனை சாமர்த்தியத்தையும் இல்லாத ஒன்றைக் காப்பாற்றச் செலவழிக்கிறாள். "ஆச்சுங்ணா" என்றான் தண்டபாணி. சாமி போய் அண்ணன் திரும்பிவிட்டது. சென்னியப்பன் கண்ணைத் திறந்தான். கண்ணாடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், கன்னம் ஒட்டி, மோவாய் வெளுத்து, இடது காதிலிருந்து தோள்வரைக்கும் ஒரு பை தொங்கிக்கொண்டு. இவ்வளவு பெரிசா. தாடிக்குள் விரலால் தடவிக்கொண்டிருந்தபோது இவ்வளவு பெரிசாகத் தெரியவில்லை. நுரையைத் துடைத்து, படிகாரத்தைத் தேய்த்து, துணியின் மூலைகளைக் கூட்டி முடிச்சுப் போட்டு ரெண்டு கையாலும் நீட்டினான் தண்டபாணி. "எப்பங்ணா ஆப்பரேசன்?" என்றான். "நாளைக்கு." "நல்லபடியா வருவீங்க. காசு இப்ப வேண்டாம், வந்து குடுங்க" என்றான். சென்னியப்பன் காசை மேசையில் வைத்துவிட்டு இறங்கினான்.

ரோட்டைக் கடப்பது பெரும்பாடாக இருந்தது. "அரோகரா" என்று ஒரு கூட்டம், பின்னாலேயே இன்னொரு கூட்டம், காவடி எடுத்தவர்கள், கால் கொப்புளத்துக்குத் துணி சுற்றியவர்கள். மஞ்சள் முடிச்சைப் பார்த்துவிட்டு ஒரு கிழவர் வழிவிட்டுக் கும்பிட்டார். அவனுக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பரிமளா கழுத்தையே பார்த்தாள், கையைக் கொண்டுவந்து தொடாமல் நிறுத்தினாள். "இத்தாச்சோடு பெருசாவா இருந்துச்சு? மார்கழிக்கப்பறம் எங்கிட்டக்கூட காட்டாம" என்று சொல்லிவிட்டு, முடிச்சை அவன் கையிலிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் வாய் திறந்தது. "பரிமளா, நான் வேண்டிக்கவே இல்ல." அவள் புரியாமல், "என்னதுங்க?" என்றாள். "எதையும் வேண்டிக்கல. கட்டிய மறைக்கத்தான் தாடி வுட்டேன். மண்டியில கேட்டாங்க, பழனிக்குன்னு வாயில வந்துருச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். பஸ்ஸுலயாச்சும் சொல்லியிருக்கோணும். கொழந்தைக்குன்னு நீ நெனச்சுட்ட. நான் சும்மா இருந்துட்டேன்." குரல் நல்ல குரலாக, கணீரென்று வந்தது, காருக்கு வெளியே நடந்துபோன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவள் மடியிலிருந்த முடிச்சைப் பார்த்தாள், கண்ணாடிக்கு வெளியே போகிற ஜனத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், கணக்குத் தப்பிப்போன பிள்ளை கேட்பதுபோல் மெல்லக் கேட்டாள்.

"அப்ப, இத்தன நாளா நாம யாருகிட்டயும் கேக்கவே இல்லீங்களா?"

"இல்ல" என்றான்.

பரிமளா பிளாஸ்க்கை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள், சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. டிரைவர் டீக்கடையிலிருந்து வருவது தெரிந்தது. அவன் "பரிமளா" என்றான். அவள் கையை மட்டும் தூக்கிப் பேசாதீர்கள் என்று காட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"போற வழிதானுங்களே பழனி. அடிவாரத்துல ரெண்டு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க. நீங்க எறங்க வேண்டாம், நான் போயிக் கேட்டுட்டு வாரேன்."

"என்ன கேக்கப் போற?"

"உங்க தொண்டையக் கேக்கறேன். இனி அது ஒண்ணுதான் கேப்பேன். வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள். டிரைவர் வந்து வண்டியை எடுத்தான்.